அந்த டிக் டிக் சத்தம் கேட்டதுமே ஆஃப் பண்ணியிருக்கணும்

நாங்க சேலம் அம்மாப்பேட்டை. அப்பா தறிக்கு டிசைன் போடுறவர். 1985லேர்ந்து கிராஃப் பேப்பர்ல கட்டம் கட்டமா பென்சில்ல பூ, மாங்கா, அன்னம், மயில்னு போட்டுக் குடுப்பார், அதைப் பார்த்து அட்டைல ஓட்டை அடிச்சு ஜக்கார்டுல, அதாவது தறி மேல இருக்கிற பூ டிசைன் போடுற கருவியில, மாட்டி நெய்வாங்க. அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்ச பிறகு 2012லேர்ந்து நான் அதே வேலைய கம்ப்யூட்டர்ல பண்றேன். அவரோட பழைய கிராஃப் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி, ஒரு கட்டத்துக்கு ஒரு புள்ளின்னு பிஎம்பிங்கிற பட ஃபைலா மாத்தி வச்சிருந்தேன், நான் புதுசா போட்டதும் அதே இடத்துல. எல்லாமே 2016ல வாங்கின ஒரே ஒரு 1 டிபி ஹார்டு டிஸ்க்குல. அந்த கிராஃப் பேப்பர்ல பாதிக்கு மேல செல்லரிச்சுப் போய், ஸ்கேன் தான் இருக்கேன்னு 2019ல எடுத்துப் போட்டுட்டோம். போன வருஷம் சித்திரை மாசம் அந்த டிஸ்க் போச்சு. அதுலேர்ந்து எல்லாத்தையும் வெளிய எடுக்க எனக்கு ஒரு மாசத்துக்கும் மேல ஆச்சு, வீட்டுல இதைப் பத்திக் கேக்க யாரும் இல்ல, தம்பி பெங்களூர்ல இருக்கான் அவனுக்கும் இது தெரியாது. ராத்திரி ராத்திரியா தனியா உக்காந்து கத்துக்கிட்டது, அதனால நடந்ததை நடந்த மாதிரியே எழுதுறேன், யாருக்காவது அந்த முதல் ராத்திரியே கண்ணுல பட்டா போதும்.

முன்னாடியே அறிகுறி இருந்துச்சுங்க, எனக்குத் தான் புரியல. பொங்கலுக்கு அப்புறம்லேர்ந்தே சில ஃபோல்டர் திறந்தா ரெண்டு நிமிஷம் அப்படியே நிக்கும், மவுஸ் மட்டும் நகரும் வேற ஒண்ணும் நகராது, சின்னப் படங்கள் எல்லாம் வெள்ளையா தெரியும். பழைய கம்ப்யூட்டர், வெயில் வேற, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். ஃபைல் திறக்க லேட் ஆகறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், ஆனா ஒரு குறிப்பிட்ட ஃபோல்டர் மட்டும், ஒரு குறிப்பிட்ட ஃபைல் மட்டும் திரும்பத் திரும்ப நின்னா அது டிஸ்க்கோட அந்த இடம் படிக்க முடியாமப் போகுதுன்னு அர்த்தம். அந்த ஜனவரிலயே ஒரு புது டிஸ்க் வாங்கி காப்பி பண்ணியிருந்தா ஒரு மத்தியானத்துல முடிஞ்சிருக்கும்.

அன்னைக்கு ராத்திரி பத்தரை மணி இருக்கும், ஏற்காட்டுப் பக்கம் இடி இடிச்சிட்டு இருந்துச்சு, ரெண்டு தடவை கரண்ட் போய்ப் போய் வந்துச்சு. இளம்பிள்ளையில ஒரு வியாபாரிக்கு ஆடி மாசத்துக்கு முந்தி டிசைன் குடுக்கணும், அதைத் திறந்தேன், உள்ளேர்ந்து டிக்... டிக்... டிக்னு சத்தம், அப்புறம் சுத்துறது நின்னு மறுபடி சுத்துற மாதிரி ஒரு இரைச்சல். ஸ்க்ரீன் உறைஞ்சு போச்சு. அந்த நிமிஷம் நான் பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு, பவரை ஆஃப் பண்ணிட்டுத் தூங்கப் போயிருக்கணும். ஆனா நான் என்ன பண்ணேன், பயத்துல ஆறேழு தடவை ரீஸ்டார்ட் பண்ணேன். ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை வந்துடும் வந்துடும்னு. ஏழாவது தடவை டிஸ்க்கைச் சரிபார்க்கட்டுமான்னு கேட்டுச்சு, நல்லதுதானேன்னு சரின்னு விட்டுட்டேன். அது தான் செக்டிஸ்க். விடிய விடிய ஓடி 11 பர்சென்ட்லயே நின்னுச்சு, காலைல பாத்தா 2017 ஃபோல்டரே காணோம், அதுக்குப் பதிலா ஃபவுண்டு பாயிண்ட் மூணு சைபர்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள பேரே இல்லாத சிஎச்கே ஃபைல்கள்.

இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லணும். செக்டிஸ்க் என்பது டிஸ்க் நல்லா இருந்து உள்ள கணக்குப் புத்தகம் மட்டும் குழம்பிப் போனா அதைச் சரி பண்றதுக்கு. டிஸ்க்கே சாகக் கிடக்கும்போது அதை ஓட்டினா, படிக்க முடியாத இடத்தை எல்லாம் "இங்க ஒண்ணும் இல்ல"ன்னு முடிவு பண்ணி கணக்கைத் திருத்தி எழுதிடும். அதே மாதிரி சில பேருக்கு டிஸ்க்கைச் சொருகின உடனே "முதல்ல ஃபார்மேட் பண்ணணும்"னு ஒரு பெட்டி வரும், எந்தக் காரணத்துக்கும் ஓகே அமுத்தக் கூடாது. சாகுற டிஸ்க்குல ஒரு எழுத்து கூட எழுத விடக் கூடாது, அதை எனக்கு யாராவது சொல்லியிருந்தா அந்த 2017 ஃபோல்டர் பேரோட அப்படியே இருந்திருக்கும்.

காலைல அம்மா இட்லி வச்சுட்டுக் கூப்பிட்டாங்க, சாப்பிட முடியல. அப்பாகிட்ட சொல்லவும் பயம். மறுபடி ஆன் பண்ணி, ஃபோல்டரைப் பிடிச்சு இழுத்து பென்டிரைவ்ல போட ஆரம்பிச்சேன். ஒரு ஃபைல்ல போய் நிக்கும், மறுபடி முயற்சி பண்ணவான்னு கேக்கும், நானும் பண்ணு பண்ணுன்னு அமுத்திட்டே இருந்தேன், மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும். மொத்தம் வந்தது 6 ஜிபி. அதுக்குள்ள சத்தம் அதிகமாயிடுச்சு. சாதாரணமா காப்பி பண்ணும்போது கம்ப்யூட்டர் ஒரு கெட்ட இடத்தைக் கண்டா அங்கயே நின்னு திரும்பத் திரும்ப முட்டிட்டே இருக்கும், நல்ல இடம் 99 பங்கு அந்தப் பக்கம் காத்துக்கிட்டு இருக்கும். டிஸ்க்குக்கு மிச்சம் இருக்கிற ஆயுசை அந்த ஒரு கெட்ட இடத்துல கொட்டித் தீர்த்துடுவோம்.

அப்புறம் டவுன்ல ஒரு கடைக்கு எடுத்துட்டுப் போனேன். பேர் சொல்ல விரும்பல. "வச்சுட்டுப் போங்கம்மா, நாளைக்குப் பாக்கலாம்"னு சொன்னார். மறுநாள் போனா என் கண்ணு முன்னாடியே டிஸ்க்கைச் சொருகி, ரெக்கவரி சாஃப்ட்வேர் ஒண்ணை டவுன்லோடு பண்ணி அதே டிஸ்க்குல இன்ஸ்டால் பண்ணிட்டு இருக்கார், எனக்கு அப்ப அது தப்புன்னு கூடத் தெரியல. எதை மீட்கணுமோ அதே இடத்து மேல புதுசா எழுதுறோம், அடில இருந்தது போயிடும். அரை நாள் ஓட்டிட்டு "ஒண்ணும் பண்ண முடியாதும்மா, ஃபார்மேட் பண்ணித் தரட்டுமா"ன்னார். 1,500 ரூபா குடுத்துட்டு வாங்கிட்டு வந்துட்டேன். பஸ்ல மடியில வச்சுக்கிட்டு வரும்போது தான் அழுகை வந்துச்சு. கடைல குடுக்குறதா இருந்தா முதல்லயே கேளுங்க, "முழு டிஸ்க்கையும் வேற டிஸ்க்குக்கு இமேஜ் எடுத்துட்டுத் தானே வேலை பாப்பீங்க?"ன்னு. இமேஜ்னா டிஸ்க்கை முழுசா அப்படியே எடுக்குற நகல். அதுக்கு ஆமாம்னு தெளிவா பதில் வரலைன்னா குடுக்காதீங்க.

சென்னைல டேட்டா ரெக்கவரி மட்டுமே பண்ற ஒரு இடத்துக்கு ஃபோன் பண்ணேன். பொறுமையா கேட்டாங்க, டிஸ்க்கைத் திறக்க வேண்டி வந்தா 28,000லேர்ந்து 40,000 வரைக்கும் ஆகலாம்னாங்க. அந்தப் பணம் அப்ப என்கிட்ட இல்ல. ஆனா அவங்க கேட்ட கேள்வி தான் எனக்கு வழி காமிச்சுது. டிஸ்க் பேரும் முழு சைஸும் கம்ப்யூட்டர்ல தெரியுதா, ஆன் பண்ண உடனே டிக் டிக் வருதா இல்ல சில ஃபைலைத் தொட்டா மட்டுமா, கீழ விழுந்துச்சா, கருகின வாடை வந்துச்சா. கீழ விழுந்தது, வாடை வந்தது, ஆன் பண்ண உடனே தட்டுறது, சைஸே தெரியாதது, இதெல்லாம் வீட்டுல தொடவே கூடாத கேஸ். உள்ள தட்டு நிமிஷத்துக்கு 5,400 இல்ல 7,200 சுத்து சுத்துது, படிக்கிற முனை அதுக்கு மேல சில நானோமீட்டர் உயரத்துல மிதக்குது. முனை உடைஞ்சு தட்டைச் சுரண்டுதுன்னா ஒவ்வொரு நிமிஷமும் டேட்டா தூளாப் போகுது. அதை கிளீன் ரூம்னு சொல்ற தூசி இல்லாத அறைல தான் திறக்கணும், நம்ம வீட்டு ஃபேன் காத்துல ஸ்க்ரூவைக் கழட்டினா அதோட முடிஞ்சது. என்னோடது பேர் தெரிஞ்சுது, சைஸ் தெரிஞ்சுது, சில இடத்தைத் தொட்டா மட்டும் தான் தட்டுச்சு. அதனால வீட்டுலயே முயற்சி பண்ணலாம்னு முடிவு பண்ணேன், ஆனா அது ஒரு துணிச்சல் தான், உள்ள இருக்கிறது உங்களுக்கு 40,000க்கு மேல பெறும்னா, கையில பணமும் இருக்குன்னா, தொடாம அனுப்பிடுங்க.

இதுக்கு நடுவுல ஆளாளுக்கு ஒரு யோசனை. பெரியப்பா மகன் ஃப்ரிட்ஜ்ல ஃப்ரீசர்ல ராத்திரி முழுக்க வைன்னான். வெளிய எடுத்தா சேலம் வெயிலுக்கு உள்ளயும் வெளியயும் தண்ணி வேர்த்துடும், அந்தத் தண்ணியோட தட்டு சுத்தினா என்ன ஆகும். இன்னொருத்தர் அதே மாடல் பழைய டிஸ்க் வாங்கி அடில இருக்கிற பச்சை போர்டை மாத்துன்னார். இப்ப வர்ற டிஸ்க்குல அந்த போர்டுல ஒரு சிப்புக்குள்ள அந்த ஒரு டிஸ்க்குக்கு மட்டுமே பொருந்துற அளவுகள் எழுதியிருக்கும், வேற போர்டை மாட்டினா ஓடாது, அந்தச் சிப்பையும் பெயர்த்து மாத்தணும். ரெண்டையும் நான் செய்யல, அது ஒண்ணு தான் அந்த வாரம் நான் சரியா பண்ணது.

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு சின்ன இலவச சாஃப்ட்வேர் இருக்கு, டிஸ்க் தன்னைப் பத்தித் தானே எழுதி வச்சிருக்கிற குறிப்பைக் காட்டும், ஸ்மார்ட்னு சொல்வாங்க. அதுல முக்கியமா பாக்க வேண்டியது மூணு நாலு வரி தான். 05ன்னு வர்றது ஏற்கனவே கெட்டுப் போய் வேற இடத்துக்கு மாத்தின செக்டார் (டிஸ்க்கோட ஒரு சின்னத் துண்டு), சி5ன்னு வர்றது இப்ப படிக்க முடியாம சந்தேகத்துல இருக்கிற செக்டார், சி6 படிக்கவே முடியாதுன்னு முடிவானது. சி7 மட்டும் ஏறியிருந்தா டிஸ்க்கை விட கேபிள் மேல தான் முதல் சந்தேகம் வரணும், 150 ரூபா கேபிளை மாத்திப் பாக்காம டிஸ்க்கைத் திட்டக் கூடாது. எனக்கு சி5ல 538னு இருந்துச்சு. அந்த சாஃப்ட்வேர் ஒவ்வொரு வரியிலயும் கடைசிக் கட்டத்துல காட்டுறது பதினாறடிமான எண், பத்து பத்தா இல்லாம பதினாறு பதினாறா எண்ணுறது, நம்ம கணக்குல அது 1336. செட்டிங்ல பத்தடிமானத்துக்கு மாத்திக்கலாம், தெரியாம நிறைய பேர் கம்மியா நினைச்சுக்குறாங்க. இந்த சி5 பூஜ்யத்துலேர்ந்து ஒண்ணு ஆகி ஏற ஆரம்பிச்சாலே காப்பி எடுத்துடுங்க, சத்தம் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.

சாமான் வாங்கினேன். 2 டிபி வெளி டிஸ்க் 5,800, டிஸ்க்கை மதர்போர்டுல மாட்டுற புது சாட்டா கேபிள், 16 ஜிபி பென்டிரைவ், எல்லாம் சேர்த்து 6,500 கிட்ட. பென்டிரைவ்ல விண்டோஸுக்குப் பதிலா ஓடுற உபுண்டு லினக்ஸை ஏத்தி அதுலேர்ந்தே கம்ப்யூட்டரை ஸ்டார்ட் பண்ணலாம், இன்ஸ்டால் பண்ண வேண்டியதில்ல. விண்டோஸ் டிஸ்க்கைக் கண்ட உடனே உள்ள நுழைஞ்சு ஏதாவது எழுதப் பாக்கும், லினக்ஸ்ல நாம கிளிக் பண்ணித் திறக்காத வரைக்கும் தொடாது, அதனால தான். கெட்டுப் போன டிஸ்க்கை யுஎஸ்பி அடாப்டர்ல மாட்டாம நேரா மதர்போர்டுலயே மாட்டினேன், யுஎஸ்பில மாட்டினா ஒரு கெட்ட இடம் வந்தா மொத்த டிஸ்க்கும் காணாமப் போய் மறுபடி சொருக வேண்டி வரும். லேப்டாப் ஆட்களுக்கு வேற வழி இல்லைன்னா பரவாயில்ல. வெளி டிஸ்க்கை எஃப்ஏடி32ங்கிற பழைய ஃபார்மேட்ல வைக்காதீங்க, அதுல 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைல் நிக்காது, நமக்கு வரப்போற இமேஜ் ஒரே ஃபைல் 1 டிபி.

ஓட்ட வேண்டியது டிடிரெஸ்க்யூ, முன்னாடி குனூன்னு போட்டிருக்கும், இலவசம். அது புத்திசாலித்தனமா பண்றது என்னன்னா, கெட்ட இடம் வந்தா முட்டிக்கிட்டு நிக்காது, தாண்டிக் குதிச்சு முதல்ல நல்லது எல்லாத்தையும் அள்ளிக்கும். விட்டது எங்க எங்கன்னு மேப் ஃபைல்னு ஒரு சின்ன ஃபைல்ல குறிச்சு வச்சுக்கும், அப்புறமா திரும்பி வந்து அதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா சுரண்டும். நடுவுல நிறுத்தினாலும் மேப் ஃபைல் இருந்தா விட்ட இடத்துலேர்ந்து தொடரும். முதல் சுத்துல மைனஸ் என் போட்டா சுரண்டுற வேலைய ஒதுக்கி வச்சுட்டு வேகமா போகும். இதுல உயிர் போற ஆபத்து ஒண்ணு இருக்கு, எது எடுக்குற டிஸ்க் எது போடுற டிஸ்க்னு மாத்திக் குடுத்துட்டா காலி டிஸ்க்கை எடுத்து நம்ம டிஸ்க் மேல எழுதிடும். லினக்ஸ் டிஸ்க்குக்கு வைக்கிற எஸ்டிஏ எஸ்டிபின்னு வர்ற பேரை நம்பாதீங்க, ரீஸ்டார்ட் பண்ணா மாறிடும். சைஸும் மாடல் நம்பரும் பாருங்க. நான் ரெண்டு டிஸ்க் மேலயும் டேப் ஒட்டி ஒண்ணுல "பழசு", ஒண்ணுல "புதுசு"ன்னு எழுதி, கட்டளையை நோட்டுல எழுதி சத்தமா படிச்சுட்டுத் தான் என்டர் அமுத்தினேன்.

நொடிக்கு 80 எம்பின்னு ஓட ஆரம்பிச்சுது. எனக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்துச்சு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சது, நடுவுல சில இடத்துல தவழ்ந்துச்சு, சில இடத்துல நின்னே போய் அப்புறம் வந்துச்சு, காலைல எந்திரிச்சுப் பாத்தா 610 ஜிபி. பல் தேய்ச்சுட்டு வந்து காபி குடிச்சிட்டு இருக்கேன், ஒன்பது மணிக்குக் கரண்ட் போச்சு. மாசாந்திரப் பராமரிப்பு, காலைல 9லேர்ந்து சாயங்காலம் 5 வரைக்கும், முந்தின நாள் பேப்பர்லயே போட்டிருக்காங்க, நான் தான் அந்த வாரம் பேப்பரே பாக்கல. யுபிஎஸ் கால் மணி நேரம் தாங்குச்சு. மேப் ஃபைல் தான் இருக்கே, சாயங்காலம் தொடரலாம்னு நினைச்சேன். சாயங்காலம் ஆன் பண்ணா மேப் ஃபைல் இல்ல. பென்டிரைவ்லேர்ந்து ஓடுற லினக்ஸ்ல ஹோம் ஃபோல்டர்ல சேவ் பண்ணது எல்லாம் ராம்ங்கிற தற்காலிக மெமரில தான் இருக்கும், ஆஃப் ஆனா அழிஞ்சுடும். பதினாறு மணி நேரம். நான் அந்த அரைகுறை இமேஜையும் கோபத்துல அழிச்சுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன், ஒரு வாரம் கழிச்சுத் தான் படிச்சேன், அதே டிடிரெஸ்க்யூல ஜெனரேட் மோடுன்னு ஒண்ணு இருக்கு, அரைகுறை இமேஜை வச்சே மேப் ஃபைலை ஓரளவு திரும்ப உருவாக்கிடலாம்னு. அதனால மேப் ஃபைலை இமேஜ் போற அதே வெளி டிஸ்க்குலயே வைங்க, கரண்ட் எப்ப போகும்னு பாத்துட்டு ஆரம்பிங்க, எது தப்பாப் போனாலும் எதையும் அழிக்காதீங்க.

ரெண்டாவது தடவை டிஸ்க் முன்ன மாதிரி இல்ல. 600 வந்த இடத்துல 380 தாண்டவே ரெண்டு நாள் ஆச்சு. சூடு 52 டிகிரி காட்டுச்சு, டேபிள் ஃபேனை நேரா டிஸ்க் மேல திருப்பி வச்சதும் 41க்கு இறங்குச்சு, அன்னைக்கு ராத்திரி நாங்க மூணு பேரும் மொட்டை மாடில படுத்துக்கிட்டோம். ஒரு கட்டத்துல முன்னாலேர்ந்து போகாம பின்னாலேர்ந்து திருப்பி ஓட்டினேன், அதுக்கு ஒரு ஆப்ஷன் இருக்கு, கெட்ட இடத்தோட மறுபக்கம் அப்படி நிறைய கிடைச்சுது. ஆறு நாள். கடைசில 1000 ஜிபில கிடைக்காதது 1.1 ஜிபி. இன்னும் மூணு தடவை முயற்சி பண்ணலாமான்னு இருந்துச்சு, அப்ப தான் ஆன் பண்ண உடனேயே தட்ட ஆரம்பிச்சுது, போதும்னு கழட்டி வச்சுட்டேன். இன்னைக்கும் பீரோல இருக்கு.

அதுக்கு அப்புறம் எல்லா வேலையும் இமேஜ் மேல தான், அசல் டிஸ்க்கைத் தொடவே இல்ல. டெஸ்ட்டிஸ்க்னு ஒரு இலவச மீட்பு சாஃப்ட்வேர்ல இமேஜைக் காட்டினா ஃபோல்டர் பேரோட நிறைய வந்துச்சு, வேணுங்கிறதை காப்பி எடுத்துக்கலாம். செக்டிஸ்க் குழப்பின 2017 மட்டும் வரல, அதுக்கு ஃபோட்டோரெக். பேர் ஃபோட்டோன்னு இருந்தாலும் நிறைய வகை ஃபைலும் தேடும், ஃபைலோட தலைப்பு அடையாளத்தை வச்சுக் கண்டுபிடிக்கும், ஆனா பழைய பேரும் ஃபோல்டரும் கிடைக்காது, எஃப் போட்டு ஒரு நம்பர் தான். பிஎம்பி மட்டும் 9,000த்துக்கு மேல வந்து விழுந்துச்சு. அதுக்கு முன்னாடி நாள் தான் அப்பாகிட்ட முழுசா சொன்னேன். திட்டுவார்னு நினைச்சேன், கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு "ஒண்ணொண்ணா திற, நான் பேர் சொல்றேன்"னார். தினம் சாயங்காலம் தறிச் சத்தம் நின்னதுக்கு அப்புறம் ரெண்டு மணி நேரம். "இது ருத்ராட்சம், இது 1991, குகைல ஒருத்தருக்குப் போட்டது. இது வேண்டாம், இது தப்பா போட்டது." பேரே இல்லாத ஃபைலுக்கு வருஷம் முதக்கொண்டு அவர் மனசுல இருந்துச்சு.

ஒரு பார்டர் திறந்தப்ப நடுவுல ஒரு கருப்புப் பட்டை. அன்னத்தோட கழுத்து இருக்க வேண்டிய இடம். அப்பா ஸ்க்ரீன் கிட்ட குனிஞ்சு பேனா முனையால எண்ணிட்டு, "பதினாறு ஊடை முழுசா போச்சு, மேல ஒண்ணு கீழ ஒண்ணு அரைகுறை"ன்னார். ஊடைன்னா குறுக்கே போற நூல், கிராஃப்ல ஒரு வரிசை. அப்ப எனக்கு சட்டுனு புரிஞ்சுது. 240 ஹூக் பார்டர், ஹூக்னா ஜக்கார்டுல நூலைத் தூக்குற கொக்கி, அப்ப டிசைன் அகலம் 240 கட்டம், ஒரு கட்டம் ஒரு பைட், அப்ப ஒரு வரிசைக்கு 240 பைட். டிஸ்க்குல ஒரு செக்டார் 4096 பைட். வகுத்தா 17 வரிசையும் கொசுறும். ஒரே ஒரு செக்டார் தான் போயிருக்கு, டிடிரெஸ்க்யூ படிக்க முடியாத இடத்துல எதையும் எழுதாம விட்டிருக்கு, இமேஜ்ல அந்த இடம் பூஜ்யமாவே இருக்கு, அது கருப்பா தெரியுது. அந்த டிசைன்ல அன்னம் மேல ஒண்ணு கீழ ஒண்ணு எதிரெதிரா வரும், கீழ் அன்னத்தோட கழுத்தை வெட்டித் தலைகீழா திருப்பி ஒட்டினேன், பொருந்திடுச்சு. பிஎம்பி அழுத்தாம, அதாவது சைஸைக் குறைக்காம அப்படியே வைக்கிற ஃபைல், அதனால போன இடம் மட்டும் தான் போகும். அதே செக்டார் அழுத்தி வைக்கிற ஒரு ஜேபெக் போட்டோல போயிருந்தா அதுலேர்ந்து கீழ மொத்தமும் சாம்பல் நிறமா வந்துடும், அக்கா கல்யாண போட்டோ முப்பத்தி ரெண்டு அப்படி ஆச்சு, அதை ஒண்ணும் பண்ண முடியல. முக்கியமான அசலை அழுத்தாத வடிவத்துல வைக்கிறதுக்கு இடம் செலவாகும், ஆகட்டும்.

கணக்குப் பாத்தா கடைக்கு 1,500, சாமான் 6,500 கிட்ட, கைவிட்டுப் போன இளம்பிள்ளை ஆர்டர் 18,000, பேர் வச்சு அடுக்குனது வரைக்கும் முப்பத்தஞ்சு நாள். இப்ப மூணு காப்பி வச்சிருக்கேன். பீட்டர் க்ரோக்னு ஒரு போட்டோகிராஃபர் பரப்பின கணக்கு அது, 3-2-1ன்னு சொல்வாங்க, மூணு காப்பி, ரெண்டு வேற வேற சாதனத்துல, ஒண்ணு வேற இடத்துல. மூணாவது ஏற்காட்டுல அக்கா வீட்டுல இருக்கு, அங்க மூட்டத்துல எல்லாமே நமுத்துப் போகும்ங்கிறதால ஜிப் கவர்ல சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வச்சிருக்கு, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை போகும்போது மாத்திட்டு வர்றேன். காப்பி பண்ணா மட்டும் போதாது, பத்து ஃபைலாவது திறந்து பாத்துடுவேன். இப்ப கம்ப்யூட்டர்ல சுத்துற தட்டு இல்லாத எஸ்எஸ்டி போட்டிருக்கேன், அது சத்தம் எதுவும் குடுக்காம ஒரு நாள் பட்டுனு போகலாம், அழிச்ச ஃபைலைத் தேடுறதும் கஷ்டம், அதனால காப்பி இன்னும் முக்கியம்.

எல்லாம் வந்துச்சுன்னு சொல்ல முடியாது. அப்பா போட்டதுல மயில் முந்தானை டிசைன் ஒண்ணு, 480 ஹூக், அவரோட கிராஃபும் செல்லரிச்சதுல போச்சு, ஃபைல் அந்த 1.1 ஜிபிக்குள்ள மாட்டிடுச்சு. ரொம்ப நாள் அதைப் பத்திப் பேசாம இருந்தார். போன மாசம் திடீர்னு பொன்னம்மாப்பேட்டையில பெரியத்தை வீட்டுக்குப் போய் அவங்க பீரோலேர்ந்து 2004ல நெய்த அந்தப் பட்டுப்புடவையை வாங்கிட்டு வந்தார். "துணியில இருக்குல்ல"ன்னார். இப்ப தினம் ராத்திரி முந்தியை மேஜைல விரிச்சு, லைட்டைக் கிட்ட இழுத்து வச்சு, லென்ஸை வச்சுக்கிட்டு ஜரிகை எந்த இழைக்கு மேல வருது எதுக்கு அடில போகுதுன்னு அவர் சொல்லச் சொல்ல நான் கட்டத்துல புள்ளி வைக்கிறேன். நேத்து வரைக்கும் 212 ஊடை ஆயிருக்கு, மயிலோட காலும் தோகையோட அடியும் வந்துடுச்சு. ஒவ்வொரு ராத்திரியும் முடிச்சதும் வீட்டுல இருக்கிற ரெண்டு காப்பிலயும் சேவ் ஆச்சான்னு அவரே கேட்டுட்டு, அக்கா வீட்டுக்கு எப்ப போறேன்னும் கேட்டுட்டுத் தான் லைட்டை அணைக்கிறார்.